மலைநாட்டு மோட்டார் வண்டியும் வளிச்சீராக்கியின் மின்பழுதும்

கொட்டகலையிலே மோட்டார் வண்டிக்கு வளிச்சீராக்கி எதற்கு என்று வினவுவோர் பலர். அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலே அமைந்த இவ்வூருக்கு இயற்கை அன்னை குளிர்ச்சியை வேண்டிய அளவுக்கு மேலாகவே வழங்கியிருக்கின்றாள். கொழும்பு வெயிலிலே வேகும் வண்டிக்கு உகந்த பொருள், தேயிலை மலையிலே ஓடும் வண்டிக்கு வீண் ஆடம்பரம் என எண்ணுதல் இயல்பே. ஆயினும், தென்மேற்குப் பருவக்காற்று மலைமுகட்டை மோதி மழையும் முகிலுமாகப் பொழியும் மே முதல் செத்தெம்பர் வரையான மாதங்களிலே, ஐவர் அமர்ந்த வண்டியொன்று கண்ணாடிகளையெல்லாம் மூடிக்கொண்டு பத்தனையைக் கடந்து செல்லும்போது, முன்கண்ணாடியின் உட்புறத்திலே படியும் வெண்புகாரைக் கண்டவர் அவ்வாறு வினவார். சாரதி ஒரு கையாற் சக்கரத்தைப் பிடித்து, மறு கையாலே துணிகொண்டு கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வளைவுகளைக் கடக்கும் காட்சி எம்மவர்க்குப் புதியதன்று. ஒரு பக்கம் மலைச்சுவர், மறு பக்கம் பள்ளம். துடைக்கும் அக்கணத்திலே எதிரே வரும் பேருந்து தெரியாது போகலாம்.

ஆகவே, மலைநாட்டிலே வளிச்சீராக்கி குளிர் தரும் கருவி என்பதிலும் பார்க்க ஈரம் போக்கும் கருவி என்பதே பொருந்தும். அது சாரதியின் பார்வையைக் காக்கும் கருவி. எனவேதான் அது செயலற்றுப் போவதைச் சிறு குறையென்று விட்டுவிட முடியாது. செயலற்ற வேளையிலே அதன் காரணத்தை அறியாது, 'கொம்பிறசர் போய்விட்டது, புதிது வாங்க வேண்டும்' என்று தீர்ப்புரைத்தலும் தகாது. சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் உருகியொன்றின் குறைக்காகப் பெருந்தொகை பெறுமதியான உறுப்பை மாற்றிய வண்டிகள் உள. மாற்றிய பின்னும் பழுது நீங்காத வண்டிகளும் உள.

வள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்திலே நோய், நோயின் காரணம், தணிக்கும் வழி என்று ஒரு வரிசையை வகுத்துச் சென்றார். அவ்வரிசை உடலுக்கு மாத்திரமன்று, இயந்திரத்துக்கும் பொருந்தும். மோட்டார் வளிச்சீராக்கியின் மின்பழுதுகளை அவ்வரிசையிலே ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதிலே கூறப்படுவன யாவும் எமது ஆய்வுகூடத்திலே பயிலும் ஓமின் விதிக்கு அப்பாற்பட்டன அல்ல.

வளர்ந்த வரலாறு

வளிச்சீராக்கம் ஈரத்தை அடக்கும் முயற்சியாகவே பிறந்தது. 1902 ஆம் ஆண்டிலே, நியூயோர்க் நகரின் புரூக்கிளின் பகுதியிலிருந்த அச்சகமொன்றிலே, காற்றின் ஈரம் ஏறியும் இறங்கியும் வந்தமையாலே தாள் நீண்டும் சுருங்கியும் வர்ண அச்சுகள் ஒன்றன்மேலொன்று பொருந்தாது போயின. அக்குறையை நீக்குவதற்கு வில்லிஸ் கரியர் என்னும் இளம் பொறியியலாளர் வகுத்த அமைப்பே இக்கால வளிச்சீராக்கிகளுக்கெல்லாம் முன்னோடியாயிற்று.

மோட்டார் வண்டிக்கு அதனைக் கொணர்ந்தது அமெரிக்காவின் பக்கார்ட் நிறுவனம். 1939 இலே அறிமுகமாகி, 1940 ஆம் ஆண்டின் வண்டிகளிலே விற்பனைக்கு வந்த அவ்வமைப்பிலே கிளச்சு இருக்கவில்லை. எஞ்சின் ஓடும்வரை கொம்பிறசரும் ஓடிக்கொண்டேயிருந்தது. குளிர் வேண்டாதவர் எஞ்சினை நிறுத்தி, பொனற்றைத் திறந்து, பட்டியைக் கையாலே கழற்ற வேண்டியிருந்தது. பின்னர் மின்காந்தக் கிளச்சு வந்தது. ஆசனத்திலிருந்தபடியே ஓர் ஆளியை அமுக்கிக் கொம்பிறசரைப் பூட்டவும் விடவும் முடிந்தது. வசதி பெருகிற்று. அவ்வசதியோடு கம்பி, உருகி, றிலே, உணரி என்று ஒரு பெரும் மின்சுற்றும் வண்டியினுள் நுழைந்தது. பக்கார்ட் வண்டியிலே பட்டி அறுந்ததா இல்லையா என்று பார்த்தாற் போதும். இன்று, நன்றாயிருக்கும் கொம்பிறசர் ஏன் அசையாதிருக்கின்றது என்று கேட்டால், பத்துக்கு மேற்பட்ட விடைகள் உள.

இயங்கும் வகை

எஞ்சினோடு பட்டியாற் பிணைந்த கப்பி எப்பொழுதும் சுழலும். கப்பிக்குப் பின்னே கம்பிச்சுருள் ஒன்று உண்டு. அதிலே மின்னோட்டம் பாய்ந்ததும் அது காந்தமாகி, முன்னேயுள்ள தட்டை 'டக்' என்ற ஒலியோடு கப்பியின்மேல் இழுத்து ஒட்டவைக்கும். அக்கணமே கொம்பிறசரின் அச்சு சுழலத் தொடங்கும். அது வாயுவை நெருக்கி, வண்டியின் முன்புறத்திலுள்ள ஒடுக்கிக்கு அனுப்பும். அங்கே வாயு வெப்பத்தை இழந்து திரவமாகும். அத்திரவம் ஒடுங்கிய துவாரத்தினூடாகச் சென்று, ஆசனத்துக்கு முன்னே மறைந்திருக்கும் ஆவியாக்கியிலே கொதித்து, சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தைக் கவரும். காற்றிலுள்ள ஈரம் ஆவியாக்கியின் குளிர்ந்த தகடுகளிலே நீர்த்துளியாகப் படிந்து, வண்டியின் அடியிலே சொட்டும். அச்சொட்டு நீர் பழுதின் அடையாளமன்று. கருவி தன் கடமையைச் செய்கின்றது என்பதற்குச் சான்றாகும்.

இவ்வாறு உலர்ந்த காற்றை, விரும்பினால் எஞ்சினின் சூட்டினாலே சிறிது வெதுவெதுப்பாக்கி, முன்கண்ணாடியின்மீது செலுத்தலாம். தொழிற்சாலையிலே கொழுந்து வாட்டும்போது, உலர்ந்த காற்று கொழுந்தின் ஈரத்தைக் கவர்ந்து செல்வதை நாம் கண்டிருக்கின்றோம். உலர்ந்த காற்று கண்ணாடியின் புகாரைக் கவர்வதும் அவ்வாறே. கண்ணாடிக்குக் காற்றனுப்பும் குமிழைத் திருப்பியவுடன் கொம்பிறசரும் தானே இயங்குமாறு பல வண்டிகள் அமைக்கப்பட்டிருப்பதன் காரணம் இதுவே.

அனுமதிச் சங்கிலி

மின்சுற்றை விளக்க எம்மூர் உவமை ஒன்று உண்டு. மலைநாட்டு ஒற்றைத் தண்டவாளப் பாதையிலே, ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்குப் புறப்படுமுன், அப்பகுதிக்குரிய வில்லையைச் சாரதி பெறுதல் வேண்டும் என்பது நெடுநாள் வழக்கு. எஞ்சின் எத்துணை வலிமையுடையதாயினும் வில்லை கைக்கு வாராவிடின் வண்டி நகராது. அவ்வாறு நின்ற புகையிரதத்தைக் கண்டு, எஞ்சினைக் கழற்றிப் பார்ப்பார் உளரோ? அனுமதி எங்கே தடைப்பட்டது என்றன்றோ கேட்பர்.

வளிச்சீராக்கியும் இத்தகையதே. கிளச்சுச் சுருளுக்கு மின் செல்வதற்குப் பலருடைய அனுமதி வேண்டும். பற்றறியிலிருந்து புறப்படும் மின் முதலில் உருகியைக் கடக்கும். சாரதி ஏ.சி. ஆளியை அமுக்கல் வேண்டும். உள்ளே காற்றை ஊதும் விசிறி சுழன்றுகொண்டிருத்தல் வேண்டும். ஆவியாக்கியிலே பொருத்திய வெப்ப உணரி, 'இன்னும் பனிக்கட்டி படியும் நிலை வரவில்லை' என்று சொல்லல் வேண்டும். குழாயிலுள்ள அமுக்க ஆளி, 'வாயு மிகக் குறைந்துமில்லை, மிக மிஞ்சியுமில்லை' என்று சொல்லல் வேண்டும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, 'எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடேறவில்லை' என்று இசைதல் வேண்டும். இத்தனையும் கூடிய பின்னரே றிலே மூடும். சுருளிலே மின் பாயும். புவித்தொடுப்பின் வழியாகப் பற்றறிக்கு மீளும். ஒருவர் 'இல்லை' என்றாலும் கொம்பிறசர் அசையாது.

ஆகவே, 'கொம்பிறசருக்கு என்ன நேர்ந்தது?' என்பது முதற்கேள்வியன்று. 'இல்லை என்றவர் யார்? அவர் சொன்னது மெய்யா, பொய்யா?' என்பதே முதற்கேள்வி. வாயு மெய்யாகவே கசிந்து போயிருந்தால், அமுக்க ஆளி மின்னைத் தடுப்பது பழுதாகாது; அது காவலன் செய்யும் கடமை. வாயு நிறைந்திருந்தும் ஆளி தடுக்குமாயின் பழுது ஆளியிலே உள்ளது.

மலைநாட்டிலே மயங்கும் இடம்

வாயுக் குறையா, மின்குறையா என்று பிரித்தறிவதிலே மலைநாட்டிற்கு உரிய மயக்கம் ஒன்று உண்டு. ஆர்-134ஏ என்னும் வாயு நெடுங்காலமாக மோட்டார் வண்டிகளிலே வழங்கி வருகின்றது. ஓசோன் படையைக் காக்க 1987 இலே மொன்றியலிலே உருவான உடன்படிக்கையின் விளைவாக, பழைய ஆர்-12 வாயுவுக்குப் பதிலாக வந்தது இது. குழாயினுள்ளே திரவம் சிறிதேனும் இருக்குமாயின், ஓடாது நிற்கும் வண்டியிலே இதன் அமுக்கத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை ஒன்றே. 30 பாகை செல்சியசிலே அது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 97 இறாத்தல். 20 பாகையிலே 68. 10 பாகையிலே 45. உறைநிலையாகிய 0 பாகையிலே 28. இவை கடல்மட்டக் கணக்கு. மலையிலே மானி ஓரிரு இறாத்தல் கூட்டிக் காட்டும்.

கொழும்பிலே 90 இறாத்தலுக்கு மேல் காணப் பழகிய கண், கொட்டகலையின் குளிர்ந்த விடியலிலே 45 இறாத்தலைக் கண்டவுடன், 'வாயு பாதியாகிவிட்டது' என மயங்கி மேலும் வாயுவை ஏற்றும். வண்டி பின்னர் நாவலப்பிட்டிப் பக்கமாகச் சூட்டுக்கு இறங்கியதும் அமுக்கம் எல்லை கடந்து, உயர் அமுக்கக் காவல் சுற்றைத் துண்டிக்கும். அதனை மின்பழுது என்று மற்றொருவர் தேடத் தொடங்குவர். இல்லாத வாயுக்குறைக்குச் செய்த மருந்தே புதிய நோயாயிற்று. ஆகவே நிற்கும் வண்டியின் அமுக்கத்தை அன்றைய வெப்பநிலையோடு ஒப்பிட்டே நோக்குதல் வேண்டும். அமுக்கம் வெப்பநிலைக்கு ஒத்திருப்பினும், அது திரவம் உண்டு என்பதை அறிவிக்குமேயன்றி எவ்வளவு உண்டு என்பதை அறிவியாது. அளவை நிறையினாலேயே நிறுத்து ஏற்றல் வேண்டும். உரிய நிறை எவ்வளவு என்பது பொனற்றின் கீழே ஒட்டிய சீட்டிலே எழுதப்பட்டிருக்கும்.

இன்னொன்று: குறைந்த அமுக்கத்தைக் காக்கும் ஆளிகள் பலவும் ஏறத்தாழ 28 இறாத்தலிலே திறப்பவை. நுவரெலியாவிலே சனவரி மாத விடியலில் உறைபனி படிவதுண்டு. அவ்வேளையிலே, வாயு நிறைவாக இருந்தும் அமுக்கம் அவ்வெல்லைக்கு அருகே வந்துவிடும். ஆளி திறந்தே கிடக்கலாம். வெளிக்குளிரை உணர்ந்து கொம்பிறசரைத் தடுக்கும் உணரியும் சில வண்டிகளிலே உண்டு. எஞ்சின் சூடேறி, வெயிலும் ஏறிய பின் கருவி தானே இயங்குமாயின், அதனைப் பழுதென்று கொள்ளலாகாது.

சோதிக்கும் முறை

முதலிலே கண்ணும் காதுமே கருவிகள். வண்டியை ஓடவிட்டு ஏ.சி. ஆளியை அமுக்குக. உள்ளே காற்று வருகின்றதா? வராவிடின் பழுது கொம்பிறசர்ப் பக்கத்திலன்று, ஊதும் விசிறியின் சுற்றிலே உள்ளது. விசிறி உச்ச வேகத்திலே மாத்திரம் சுழன்று, தாழ்ந்த வேகங்களிலே சுழலாதாயின், வேகம் குறைக்கும் தடையம் எரிந்துள்ளது என்று பெரும்பாலும் துணியலாம். உச்ச வேகத்திலே மின் அத்தடையத்தைச் சுற்றிச் செல்வதே அதற்குக் காரணம். காற்று வருமாயின், பொனற்றின் பக்கம் செவிசாய்த்துக் கிளச்சின் 'டக்' ஒலி கேட்கின்றதா என்று கவனிக்க. ஒலி கேட்டுத் தட்டும் சுழன்று, குளிர் மாத்திரம் இல்லையாயின், அவ்வண்டியின் நோய் வாயுவிலோ கொம்பிறசரின் உள்ளுறுப்பிலோ இருக்கலாம். ஒலி இல்லையேல் மின்சுற்றைத் தேடுக.

தேடுவதற்கு மல்ரிமீற்றர் எனப்படும் பன்மானி ஒன்று போதும். உருகியைக் கண்ணாற் பார்த்து விடாது, இருபுறத்தும் மின் உண்டா என்று அளத்தல் நன்று. உருகி நன்றாயின், சங்கிலியின் தலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருதல் காலத்தை விழுங்கும். நடுவிலே தொடங்குக. பத்துக் கண்ணிகளுள்ள சங்கிலியை நடுவிலே சோதித்தால் பாதி உடனே கழிந்துவிடும். எஞ்சியதையும் பாதியாக்கினால், நான்கு சோதனைக்குள் குற்றவாளி அகப்படுவான்.

அந்நடுவிடம் றிலே. அதன் கால்களிலே 30, 87, 85, 86 என்ற இலக்கங்களைப் பெரும்பாலும் காணலாம். 30 என்னும் காலுக்குப் பற்றறியின் மின் வந்து நிற்கும். 87 இலிருந்து அது கிளச்சுக்குச் செல்லும். 85, 86 என்பன றிலேயின் சிறு சுருளின் இரு முனைகள். இப்பொழுது வழக்கு எளிதாகின்றது. 85, 86 ஆகிய இரண்டுக்கும் இடையே 12 உவோல்ற்று வரவில்லையாயின், அனுமதி மேலேயே தடைப்பட்டுள்ளது. ஆளி, உணரி, அமுக்க ஆளி, கணினி என்பவற்றை நோக்குக. அங்கே மின் வந்தும், 30 இலே மின் இருந்தும், 87 இலே மின் இல்லையாயின் றிலேயே குற்றவாளி. 87 இலும் மின் இருந்து கிளச்சு ஒட்டவில்லையாயின், பழுது கீழே, சுருளிலோ கம்பியிலோ புவித்தொடுப்பிலோ உள்ளது. பல வண்டிகளிலே ஒரே வகையான றிலேக்கள் பக்கத்துப் பக்கத்தே இருக்கும். ஐயமான றிலேயையும் நன்றாயிருக்கும் அயல் றிலேயையும் இடம்மாற்றிப் பார்த்தல் செலவில்லாச் சோதனை.

அமுக்க ஆளியைச் சோதிப்பதற்கும் நேர்வழி உண்டு. இரு கம்பிகளுள்ள பழைய ஆளியாயின், இணைப்பைக் கழற்றி அதன் தடையை அளந்தால், அமுக்கம் சரியாயுள்ளபோது அது சுழியத்தை அண்மித்து நிற்கும். திறந்திருப்பின் முடிவிலியைக் காட்டும். மூன்று கம்பிகளுள்ள புதிய உணரியை அவ்வாறு அளத்தல் பொருந்தாது. அதற்கு 5 உவோல்ற்று வருகின்றதா, அமுக்கத்துக்கேற்ப அது திருப்பியனுப்பும் உவோல்ற்றளவு மாறுகின்றதா என்றே நோக்குதல் வேண்டும்.

ஓமின் விதி உதவும் வகை

1827 இலே ஜேர்மனியிலே கியோர்க் சைமன் ஓம் வெளியிட்ட விதியை எமது மாணவர் மனனம் செய்திருப்பர். கிளச்சுச் சுருளின் தடை பல வண்டிகளிலே 3 தொடக்கம் 4.5 ஓம் வரை இருக்கும். 3.6 ஓம் என்று கொண்டால், 12 உவோல்ற்றிலே 3.3 அம்பியர் மின்னோட்டம் பாயும். தடை முடிவிலியாயின் சுருள் அறுந்தது. தடை 1 ஓமுக்கும் கீழேயாயின் சுருளின் சுற்றுகள் தம்முள் ஒட்டிவிட்டன. அவ்வண்டியிலே புதிய உருகி போடப்போட எரிந்துகொண்டே வரும்.

'காலையிலே நன்றாக இயங்குகின்றது. அரைமணி நேரம் ஓடியபின் நின்றுவிடுகின்றது' என்பது பலர் கூறும் முறைப்பாடு. இதற்கும் ஓமின் விதியிலே விடையுண்டு. செம்பின் தடை வெப்பம் ஒரு பாகை ஏறுந்தோறும் நூற்றுக்கு 0.39 வீதம் ஏறும். 20 பாகையிலே 3.6 ஓமாக இருந்த சுருள் 100 பாகையிலே ஏறத்தாழ 4.7 ஓமாகிவிடும், மின்னோட்டம் 3.3 அம்பியரிலிருந்து 2.5 அம்பியருக்குக் குறையும். காந்தத்தின் பிடி தளரும். நெடுநாள் ஓடித் தேய்ந்த கிளச்சிலே தட்டுக்கும் கப்பிக்கும் இடையேயுள்ள வெளி அகன்றிருக்குமாயின், தளர்ந்த காந்தம் தட்டை இழுக்கமாட்டாது. அவ்வெளி பல கிளச்சுகளிலே அரை மில்லிமீற்றர் அளவினதாக இருத்தல் வேண்டும். சிலவகைக் கிளச்சுகளிலே இடையிலுள்ள மெல்லிய வளையமொன்றைக் கழற்றி வெளியைக் குறைக்கலாம். முழுக் கொம்பிறசரையும் மாற்றுவதற்கு முன்னே இதனை நோக்குதல் அறிவுடைமை.

மறைந்திருக்கும் மற்றொரு பழுது புவித்தொடுப்பிலே உள்ளது. மலைநாட்டின் ஓயாத ஈரத்திலே, வண்டியின் உடற்சட்டத்தோடு கம்பி பிணைக்கப்பட்ட இடத்திலே துருவும், செம்பிலே பச்சைக் களிம்பும் ஏறும். கம்பியைக் கழற்றி அளந்தால் மானி 12 உவோல்ற்றை நிறைவாகக் காட்டும். பூட்டியபின் கிளச்சு இழுக்காது. மின்னோட்டம் பாயாத வேளையிலே துருவின் தடை தன்னைக் காட்டிக்கொள்வதில்லை என்பதே காரணம். ஆகவே சுமை பூட்டியபடியே அளத்தல் வேண்டும். கிளச்சுக்கு மின் செல்லும் நிலையிலே, சுருளின் புவிமுனைக்கும் பற்றறியின் எதிர்முனைக்கும் இடையே அளந்தால், உவோல்ற்றிலே சிறு பின்னமே காணப்படல் வேண்டும். அங்கே 2 உவோல்ற்றுக் காணப்படுமாயின், துரு அவ்விரண்டையும் விழுங்குகின்றது என்பது பொருள். மணற்றாளால் உரசி, இறுக்கிப் பூட்டினால் நோய் தீரும், காசு செலவில்லை.

தோட்டத்துக் கரடுமுரடான பாதைகளிலே குலுங்கி இணைப்புகள் தளர்தலும், குளிருக்கு ஒதுங்கிய எலி பொனற்றின் கீழே குடியேறிக் கம்பியைக் கடித்தலும் எம்மூர் வண்டிகளிலே காணப்படுவன. இவ்வகைப் பழுது வந்து வந்து போகும். எஞ்சினை நிறுத்தி, வண்டியின் சாவியை மின் செல்லும் நிலையிலே வைத்து, மானியை இணைத்தபடி கம்பித்தொகுதியை மெல்ல அசைத்தால், அளவு துள்ளும் இடமே பழுதின் இடம்.

இன்னுமொரு குறி: வண்டி ஓடும்போது குளிர் உண்டு, நிற்கும்போது இல்லை என்றால், ஒடுக்கியின் முன்னேயுள்ள மின்விசிறியை நோக்குக. ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று உதவும். நிற்கும் வண்டிக்கு விசிறியே துணை. விசிறியின் உருகியும் றிலேயும் மேற்கூறிய முறையிலேயே சோதிக்கப்படும்.

செய்யத்தகாதன

அமுக்க ஆளியைக் கழற்றி, இரு முனைகளையும் கம்பித் துண்டால் நிரந்தரமாக இணைத்துவிடும் வழக்கம் சிலரிடத்து உண்டு. கொம்பிறசரின் எண்ணெய் வாயுவோடு கலந்தே சுற்றிவருவது. வாயு இல்லாத குழாயிலே எண்ணெயும் வாராது. கொம்பிறசர் வறண்டு தேய்ந்து இறுகிவிடும். மேலெல்லையைக் காப்பவனும் அவ்வாளியே. அவனை அகற்றினால், விசிறி நின்ற நாளிலே குழாய் வெடிக்கும் ஆபத்துக்கும் இடமுண்டு.

எரிந்த 10 அம்பியர் உருகிக்குப் பதிலாக 30 அம்பியர் உருகியோ, சிகரெட் பெட்டித் தாளோ, கம்பித் துண்டோ வைத்தல் அதனிலும் கொடிது. உருகி எரிந்தது கம்பி எரியாதிருக்கும் பொருட்டு. உருகியை எரியாவண்ணம் செய்தால் எரிவது கம்பி, கம்பியோடு வண்டி. ஒரு முறை எரிந்த உருகியை அதே அளவினதால் மாற்றலாம். மறுமுறையும் எரியுமாயின் காரணத்தைக் காணும்வரை மூன்றாவதைப் போடலாகாது.

வாயுவை வெளியே திறந்துவிடுதலும் தகாது. ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காதாயினும், நிறைக்கு நிறை கரியமிலவாயுவைப் போல ஆயிரம் மடங்குக்கு மேலாகப் பூமியை வெப்பமாக்கும் இயல்பினது. மழை தவறினால் முதலில் வாடுவது தேயிலைக் கொழுந்தும் அதனைப் பறிக்கும் கையும் என்பதை நாம் மறக்கலாகாது.

இக்காலப் புதிய வண்டிகள்

மேற்கூறியவை கிளச்சுள்ள வண்டிகளுக்கு உரியன. புதியன சிலவற்றிலே கிளச்சே இல்லை. கொம்பிறசர் எப்பொழுதும் சுழன்றுகொண்டேயிருக்க, கணினி ஒரு சிறு மின் வால்வைத் துடிப்புகளால் இயக்கி, அழுத்தும் அளவைக் கூட்டியும் குறைத்தும் வரும். அங்கே 'டக்' ஒலியை எதிர்பார்த்துக் காத்திருத்தல் பயனற்றது.

எம் வீதிகளிலே பெருகிய ஹைபிரிட் வண்டிகள் பலவற்றிலே கொம்பிறசரை எஞ்சின் சுழற்றுவதில்லை. அதற்கெனத் தனி மின்மோட்டார் உண்டு. 2003 இலே வந்த இரண்டாம் தலைமுறைப் பிறியஸ் இதற்கு எடுத்துக்காட்டு. அதன் பெரிய பற்றறி 200 உவோல்ற்றுக்கு மேற்பட்டது. செம்மஞ்சள் நிற உறையிட்ட கம்பிகள் உயிரைப் போக்கவல்லவை. அதற்கெனப் பயிற்சியும் கையுறையும் இல்லாதவர் அவற்றைத் தொடவே கூடாது. இவ்வண்டிகளிலே எண்ணெயும் மின்பழுதுக்குக் காரணமாகலாம். கொம்பிறசரின் உள்ளே மோட்டாரின் சுருள் எண்ணெயிலே தோய்ந்திருப்பதனாலே, மின்னைக் கடத்தாத தனிவகை எண்ணெயே அதற்கு உரியது. பட்டியால் ஓடும் கொம்பிறசருக்குரிய சாதாரண எண்ணெய் சிறிதளவு கலந்தாலும், மின் உடற்சட்டத்துக்குக் கசிந்து, கணினி அமைப்பை நிறுத்திவிடும். வாயு ஏற்றும் குழாயிலே எஞ்சிய எண்ணெயே இதற்குப் போதும். ஹைபிரிட் வண்டிக்கு வாயு ஏற்றுமுன், 'இவ்வண்டிக்குரிய எண்ணெய் எது?' என்று உரிமையாளர் வினவுதல் உரிமை, வினவாதிருத்தல் இழப்பு.

முடிவுரை

2020 ஆம் ஆண்டு மார்ச்சிலே எம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியிலேயே. இடைப்பட்ட ஐந்தாண்டுகளிலே இருந்த வண்டிகளையே பேணி ஓட்ட நேர்ந்தது. உதிரி உறுப்புகளின் விலையும் ஏறிற்று. கடன்பட்டு வாங்கிய வான் ஒன்றினால் பிள்ளைகளைப் பாடசாலைக்கும், நோயாளரை வைத்தியசாலைக்கும் ஏற்றிச் செல்லும் மலையகச் சாரதிக்கு, தவறான தீர்ப்பின் பேரிலே வாங்கும் கொம்பிறசர் பல மாத உழைப்பை விழுங்கிவிடும். வாங்க வழியின்றிக் கருவியைக் கைவிட்டால், புகார் படிந்த கண்ணாடியோடு மழைக்காலத்தைக் கடத்த வேண்டும். இரண்டுக்கும் இடையே மூன்றாம் வழியொன்று உண்டு. அது அளந்து அறிதல்.

எமது கல்லூரியிலே பௌதிகவியல் பயிலும் மாணவர், மானியைத் தொடராகவும் சமாந்தரமாகவும் இணைக்கக் கற்பது பரீட்சைக்கு மாத்திரமன்று. அவ்வறிவு வீதியோரத்திலே நிற்கும் வண்டியையும் எழுப்பவல்லது. தொழிற்கல்வியைப் படிப்பு வாராதவர் புகும் இடமாக எண்ணும் பழக்கம் எம்மிடையே இன்னும் முற்றாக நீங்கவில்லை. ஊகித்து உறுப்பை மாற்றுபவருக்கும், அளந்து பழுதைக் காண்பவருக்கும் இடையேயுள்ள வேறுபாடு கல்வியே. பழைய மாணவர் சங்கத்தார் பழைய வண்டியொன்றின் வளிச்சீராக்கியை ஆய்வுகூடத்துக்கு வழங்குவாராயின், அது ஓமின் விதிக்கு நல்லதொரு பாடநூலாக விளங்கும். அதிலே பயின்ற கைகள் நாளை கொட்டகலையிலும், அட்டனிலும், தலவாக்கலையிலும் பழுதின் காரணத்தைக் கண்டு சொல்லி, நேர்மையான கூலி பெற்று வாழும். மழையும் முகிலும் நிறைந்த எம் மலைப்பாதையிலே செல்வோர் முன்னே உள்ள வழியைத் தெளிவாகக் கண்டு செல்வர்.